கயிறு பிடிக்கிறவன்

நேயர்களுக்கு வணக்கம். பாறை ஏறுகிறவர்களிடையே கிறிஸ்தவத் தோழமை என்ற தலைப்பில் பேசும்படி நிலையத்தார் கூப்பிட்டபோது, 'பத்து நிமிடம் பேச அதில் என்ன இருக்கிறது?' என்றுதான் முதலில் கேட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்த பிறகு, எதை விடுவது என்பதே தலைவலியாகிவிட்டது.

மேல்படிப்புக்காக இரண்டரை வருடம் இத்தாலியின் தூரின் நகரத்தில் இருந்தேன். மழை விட்டு வானம் வெளுத்தால் போதும், தெருமுனையிலேயே ஆல்ப்ஸ் மலை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊரில் பாதிப் பேர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கூடப் படித்த ஒருவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பினரோலோ ஊருக்குப் பக்கத்தில் ரொக்கா ஸ்பாருவா என்றொரு பெரிய பாறை இருக்கிறது. தூரின்காரர்கள் மூன்று நான்கு தலைமுறையாக ஏறப் பழகுவது அங்கேதான்.

பாறை ஏறுவதில் இரண்டு வேலை. ஒருவர் ஏறுவார். இன்னொருவர் கீழே நின்று கயிறு பிடிப்பார். பிலே என்பார்கள் அதை. ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய கயிறு, பாறையில் அடித்த கொக்கிகள் வழியாக இறங்கி, கீழே நிற்பவரின் இடுப்பிலுள்ள ஒரு சின்னக் கருவிக்குள் போகும். மேலே போகப்போகக் கயிற்றை விட வேண்டும், ஆனால் தொங்கும்படி விடக்கூடாது. அவர் கை நழுவினால் அந்த நொடியே கயிறு இறுக வேண்டும்.

அன்று என்னை அழைத்துப்போன அந்த நண்பன் ஏற, நான் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நற்செய்தி அறிவிக்க வாய்ப்பு தானாக வந்திருக்கிறதே! காணாமற்போன ஆட்டின் உவமையில் தொடங்கி, என் அரைகுறை இத்தாலியத்தில் விளக்கிக்கொண்டே போனேன். மேலிருந்து "ப்ளோக்கா!" என்ற சத்தம் வந்தது. இறுக்கிப் பிடி என்று அர்த்தம். நான் பார்த்தபோது கயிறு என் முழங்காலுக்குக் கீழே வளைந்து தொங்கியது. அவன் விழுந்தான். விழ வேண்டியதைவிட இரண்டு மீட்டர் கூடுதலாக விழுந்தான். முழங்கால் தோல் பெயர்ந்தது, அவ்வளவுதான், பெரிய ஆபத்தில்லை. இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்தவன் கத்தக்கூட இல்லை. "உன் ஆண்டவரைப் பற்றி அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. கயிறு கையில் இருக்கும்போது என்னைப் பார்" என்றான்.

அதற்கப்புறம் ஆல்ப்ஸ் மலையின் பழைய கதைகளை வாசிக்கும்போதெல்லாம் யார் உச்சியைத் தொட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் கயிறு பிடித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

மேட்டர்ஹார்ன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 4478 மீட்டர். நம்முடைய தொட்டபெட்டா 2637தான். 1865 ஜூலை 14 அன்று சுவிஸ் பக்கமாக ஏழு பேர் முதன்முதலில் அதன் உச்சிக்குப் போனார்கள். அவர்களில் சார்ல்ஸ் ஹட்சன் ஓர் ஆங்கிலேய குருவானவர். ஸ்கில்லிங்டன் என்ற கிராமத்துப் பங்கைக் கவனித்து வந்தவர், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மலையேறிகளில் ஒருவர். இறங்கும்போது அனுபவம் குறைந்த ஒரு இளைஞர் வழுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் இறந்தார்கள். ஹட்சனும் அவர்களில் ஒருவர். அறுந்துபோன அந்தக் கயிற்றை இன்றும் செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றே நாள் கழித்து, ஜூலை 17 அன்று, இத்தாலியப் பக்கத்திலிருந்து நான்கு பேர் ஏறினார்கள். இதிலும் ஒரு குருவானவர் உண்டு, பெயர் அமே கொர்ரே. அந்த மலையடிவாரப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். உச்சிக்குச் சற்று முன்னால், திரும்பி வருகிறவர்களுக்குக் கயிறு பிடிக்க யாராவது நின்றாக வேண்டிய ஓர் இடம் வந்தது. கொர்ரே நின்றுவிட்டார். இன்னொருவரும் அவரோடு நின்றார். மற்ற இருவர் உச்சியைத் தொட்டுத் திரும்பினார்கள். வருடக்கணக்கில் கனவு கண்ட மலை, கைக்கெட்டும் தூரத்தில் உச்சி. நானாக இருந்தால் நின்றிருப்பேனா என்று சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

சரி, இவர்கள் குருக்கள். சாதாரண விசுவாசி மலைக்குப் போவதில் அப்போது ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஞாயிறு திருப்பலிக்குப் போகாமலிருப்பது பாவம். அந்நாளில் மாலைத் திருப்பலி கிடையாது. அதற்குப் பொதுவாக அனுமதி கிடைத்ததே 1953இல்தான். நற்கருணை வாங்க நள்ளிரவிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கக்கூடாது. மலையோ விடியுமுன் கிளம்பச் சொல்கிறது, வெயில் ஏறினால் பனி இளகும், கல் உருளும். ஆக, வாரம் முழுக்க வேலை பார்க்கிறவனுக்கு இருப்பது ஒரே ஞாயிறு, அதில் ஒன்று கோயில், இல்லாவிட்டால் மலை. இத்தாலிய ஆல்ப்ஸ் சங்கம் 1863இல் இதே தூரினில் தொடங்கப்பட்டதுதான், ஆனால் கோயில் மணி பார்த்துப் பயணம் வைப்பது அதன் வேலை இல்லையே. 1914இல் தூரின் கத்தோலிக்க இளைஞர்கள் 'ஜோவனே மொந்தாஞா', அதாவது 'இளைய மலை', என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். திருப்பலியும் உண்டு, மலையும் உண்டு. அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது.

மேலிடத்தின் ஆசியும் சீக்கிரமே கிடைத்தது. 1922இல் திருத்தந்தையான பதினொன்றாம் பயஸ், குருவாக இருந்தபோது அக்கீலே ராத்தி என்ற பெயரில் ஆல்ப்ஸில் கடினமான ஏற்றங்களை ஏறியவர். 1889இல் மோந்தே ரோசா மலையின் கிழக்கு முகத்தில் ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறைமேல் ஓர் இரவைக் குளிரில் கழித்தவர். 1923இல் மெந்தோனின் புனித பெர்னார்தை மலையேறுகிறவர்களின் பாதுகாவலராக அறிவித்தது அவர்தான்.

நான் உண்மையில் பேச வந்தது இன்னொருவரைப் பற்றி. பியர் ஜோர்ஜோ ஃப்ரசாத்தி. 1901இல் தூரினில் பிறந்தவர். அப்பா 'லா ஸ்தாம்பா' நாளிதழின் உரிமையாளர், பெர்லினில் இத்தாலியத் தூதராக இருந்தவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பிள்ளையோ தினமும் திருப்பலிக்குப் போகிறவன். சுரங்கப் பொறியியல் படித்தார். வாயில் எப்போதும் புகைக்குழாய். ரயிலில் ஏன் மூன்றாம் வகுப்பில் போகிறாய் என்று கேட்டால், நான்காம் வகுப்பு இல்லையே, அதனால்தான் என்பாராம். மிச்சம் பிடித்த காசு ஏழைகளுக்குப் போகும்.

1924 மே மாதம் மலைநண்பர்கள் சிலரைச் சேர்த்து ஒரு கூட்டம் ஆரம்பித்தார். பெயர் 'தீப்பி லோஸ்கி'. தமிழில் சொன்னால் 'ஒரு மாதிரியான ஆசாமிகள் சங்கம்'. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் இடம் உண்டு. எல்லோருக்கும் பட்டப்பெயர். ஃப்ரசாத்தியின் பட்டப்பெயர் ரொபெஸ்பியர், பிரெஞ்சுப் புரட்சியில் தலை வாங்கிய அதே ஆள்தான்! கடிதத்தில் வணக்கத்துக்குப் பதில் பீரங்கி வெடிக்கும். 'கொஞ்சம் பேர்தான், ஆனால் மக்ரோனி மாதிரி நல்லவர்கள்' என்பது அவர்களுடைய முழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் கல்லூரிப் பையன்களின் கூத்து. உள்ளே, ஒருவருக்காக ஒருவர் செபிக்க வேண்டும் என்ற ஒப்பந்தம். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம், செபத்தில் மட்டும் எல்லை இல்லாமல் சேர்ந்திருப்போம் என்ற பொருளில் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார்.

அவர் யாருக்கும் பிரசங்கம் செய்ததாகத் தெரியவில்லை. பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் பந்தயம் கட்டுவாராம். தோற்றால் இவர் காசு கொடுப்பார், ஜெயித்தால் எதிராளி இவரோடு கோயிலுக்கு வர வேண்டும். நன்றாக ஆடுகிறவர் வேறு. இது நியாயமான ஆட்டமா என்று இறையியல் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

1925 ஜூன் 7 அன்று லான்சோ பள்ளத்தாக்கில் பாறை ஏறப் போனார். பாறையைப் பிடித்தபடி மேலே பார்க்கும் ஒரு படம் அன்று எடுத்தது. படத்தின்மேல் தம் கையால் 'வெர்சோ லால்தோ' என்று எழுதினார், 'மேல்நோக்கி' என்று பொருள். அதுவே கடைசி ஏற்றம். மாத முடிவில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. ஏழை வீடுகளுக்குப் போய்வந்ததில் தொற்றியிருக்கலாம் என்பார்கள். அதே வீட்டில் பாட்டி மரணப் படுக்கையில் இருந்ததால், இவர் படுத்ததை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவுக்கு முந்தைய நாள், பாதி மரத்துப்போன கையால் ஒரு சீட்டு எழுதினார். ஒரு நோயாளிக்குச் சேர வேண்டிய ஊசிமருந்து இதோ இருக்கிறது, இன்னொருவரின் அடகுச் சீட்டைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன், என் கணக்கில் செய்துவிடுங்கள் என்ற இரண்டு விஷயம்தான் அதில். எழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது. கீழே விடாமல் பிடித்திருந்த கயிறு அது என்று எனக்குத் தோன்றும். ஜூலை 4 அன்று இறந்தார், வயது 24. 1990இல் அருளாளர் பட்டம், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம்.

அமெரிக்காவிலும் மலையேற்றத்தையும் விசுவாசத்தையும் சேர்த்து நடத்தும் குழுக்கள் உண்டு. 'கிளைம்பிங் ஃபார் கிறைஸ்ட்' என்ற குழு நேபாளம், கிளிமஞ்சாரோ என்று மலை ஊர்களுக்கே போய் ஊழியம் செய்கிறது. எனக்கு நேரில் பழக்கமில்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஃப்ரசாத்தியின் உடல் தூரின் பேராலயத்தில் இருக்கிறது. ஊர் திரும்புவதற்கு முன் ஒருநாள் அங்கே போனேன். முழங்கால் தோல் பெயர்ந்தவனும் கூட வந்தான், பக்கத்தில் காபி குடிக்கும் சாக்கில். நான் முழந்தாளிட்டேன், அவன் நின்றான். வெளியே வந்ததும் என் போனில் இருந்த அந்தக் கடைசி ஏற்றத்துப் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தான். "இந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டா ஏறினான்?" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

வழக்கமாக ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். அந்த வாரம் அவன் அனுப்பிய செய்தியில் பத்தரை மணி என்று போட்டிருந்தது. என் திருப்பலி முடிவது பத்துக்கு. நான் காரணம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஸ்பாருவா போய்ச் சேர்ந்தபோது நல்ல வழிகளிலெல்லாம் ஆள் நின்றார்கள். அன்று இரண்டு ஏற்றம்தான் கிடைத்தது. இரண்டுக்கும் நான்தான் கயிறு பிடித்தேன்.