ஊக்கு யாரைக் குத்த வேண்டும்?

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். நேரமாகிவிட்டது, வாழ்த்துரையை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

பெண்ணின் பாதுகாப்பு அவள் உடுத்தும் உடையில் இருக்கிறதா, பார்க்கிறவன் ஒழுக்கத்தில் இருக்கிறதா? உடைதான் என்று பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணி அண்ணன். கடைசியாக ஒன்று சொன்னார், நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். "கந்தரப்பத் தட்டைத் திறந்து வைத்தால் ஈ மொய்க்கத்தான் செய்யும். தட்டை மூடாமல் ஈயைத் திட்டி என்ன பயன்?" என்றார்.

நான் வேறு என்னென்னவோ குறிப்பெழுதி வந்தேன். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

அண்ணே, பெண் கந்தரப்பம் இல்லை, அதை விடுங்கள். நீங்கள் ஆம்பிளைகளை என்ன சொல்லிவிட்டீர்கள் என்று யோசித்தீர்களா? ஈக்கு அறிவு கிடையாது. அதை மடியில் போட்டு நல்லது கெட்டது சொல்லி வளர்க்க ஆள் கிடையாது. இதோ பந்தலோரம் நிற்கிறார்களே தம்பிகள், மத்தியானத்திலிருந்து பந்தி பரிமாறினார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் "அக்கா, இன்னும் கொஞ்சம் சாம்பார் விடவா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். தப்பான பார்வை ஒன்று உண்டா? இவர்களை ஈ என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பா ஈ இல்லை. என் மகனை நான் ஈயாக வளர்க்கவில்லை. உங்களையும் உங்கள் அம்மா அப்படி வளர்க்கவில்லை அண்ணே! ஆம்பிளைக்குத் தன் கண்ணையும் கையையும் அடக்கத் தெரியும் என்று நம்புகிற அணி எங்கள் அணி. அவனால் முடியாது என்று சொன்ன அணி உங்களுடையது. இப்போது சொல்லுங்கள், ஆண்களைக் கேவலமாகப் பேசியது யார்?

மூடு என்கிறீர்கள், சரி. எவ்வளவு மூட வேண்டும்? நம் ஆச்சிமார் கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்து, கணுக்கால் தெரிய, ரவிக்கை இல்லாமல்தான் கட்டினார்கள். அப்படியேதான் கோயிலுக்குப் போனார்கள், கல்யாண வீட்டு முகப்பில் நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்றார்கள். அந்தச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. ஆச்சியின் தோளை மரியாதையோடு பார்க்கத் தெரிந்த ஊருக்கு, பேத்தியின் தோளைப் பார்க்கும்போது மட்டும் அது ஏன் மறந்து போகிறது?

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. நான் பிளஸ் டூ படித்தபோது நடந்தது. சாயங்காலம், தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வரும் பஸ், நிற்க இடமில்லாத கூட்டம். பள்ளிச் சீருடை, பாவாடை தாவணி, ரெட்டைச் சடை. இடுப்பில் ஒரு விரல் பட்டது. கூட்டம்தானே என்று ஓர் அடி முன்னால் நகர்ந்தேன். விரலும் ஓர் அடி நகர்ந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஒரு கொத்து ஊக்கை எடுத்துக் கொடுத்து, "தோளில் ரெண்டு, இடுப்பில் ரெண்டு, நல்லா இழுத்துக் குத்திக்கிட்டுப் போ" என்றார். குத்திக்கொண்டு போனேன். மறுநாள் அதே பஸ், அதே ஆள், அதே இடத்தில் அதே விரல்.

பக்கத்து சீட்டில் ஓர் ஆச்சி, மடியில் ஓலைக் கொட்டான். கண்டாங்கி, ரவிக்கை கிடையாது. என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. "இங்க வா ஆத்தா. ஊக்கை எங்க குத்தியிருக்க?" "தாவணியில் ஆச்சி." "தாவணி என்ன தப்புச் செஞ்சது?"

என் தோளிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினார். பிரித்தார். விரலுக்கிடையில் வைத்து, கூர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி என் கையை மடக்கிவிட்டார். "கை வந்தா நீ நகராத. ஊக்கு நகரட்டும்."

கை வந்தது. ஊக்கு நகர்ந்தது. அவன் போட்ட "ஆ"வில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். "என்னய்யா?" என்றார் கண்டக்டர். "ஒண்ணுமில்ல." "ஏன்யா கத்தின?" "ஒண்ணுமில்லங்க." பஸ்ஸே கேட்கிறது, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று. அவனால் சொல்ல முடியுமா? அதுவரை வாய் திறக்க முடியாமல் நின்றது நான், அன்றைக்கு அவன்! "நான் சொல்றேன் தம்பி" என்று ஆச்சி எழுந்தார். எழுந்து என்ன சொன்னார் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது. தேவகோட்டை ரஸ்தா வருவதற்கு முன்னாலேயே ஆளை இறக்கிவிட்டார்கள்.

அந்த பஸ்ஸில் குறைவாக உடுத்தியிருந்தது யார்? ஆச்சி. நாலு ஊக்கோடு நின்றது யார்? நான். கை யாரிடம் வந்தது? "ஆச்சிக்கு வயசாச்சு" என்பீர்கள். ஆக, துணி கணக்கு முடிந்தது அண்ணே. அவன் என் தாவணியைப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளை வாய் திறக்காது என்பதைப் பார்த்தான்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு வழக்கு. ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து அத்துமீறினான் என்று கைதானவனுக்கு, அந்தப் பெண்ணிடமே போய் ராக்கி கட்டிக்கொள் என்ற நிபந்தனையோடு 2020இல் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தள்ளுபடி செய்தது. அதோடு, ஜாமீன் உத்தரவில் பெண்ணின் உடையைப் பற்றிய பேச்சே வரக்கூடாது என்றும் சொன்னது. கோர்ட்டே வேண்டாம் என்ற கேள்வியை நாம் வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பயத்தில் கொடுத்தார், பாசத்தில் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் அம்மாவிடம் எதையுமே சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து தெருமுனை வரை ஒருவன் பின்னாலேயே வந்ததையும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நாலு ஊக்கு வரும், அப்புறம் படிப்பு நிற்கும்.

பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவன் தெரிந்த ஆள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. அவனைப் பற்றி ஒரு பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? "என்ன போட்டிருந்த?" என்று கேட்கிற வீட்டிலா?

இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேரின் பிள்ளை சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஹாஸ்டலில் இருக்கிறாள். ராத்திரி போன் பண்ணுவாள், "சாப்பிட்டேம்மா, தூங்கப் போறேன்" என்பாள். என்றைக்காவது குரல் ஒரு மாதிரி இருந்தால், அப்பாமாரே, துணியைப் பற்றிக் கேட்காதீர்கள். "யாரு அவன்? நான் கிளம்பி வரவா?" என்று கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181க்கு அவள் கூப்பிடுவது இருக்கட்டும், முதலில் உங்களைக் கூப்பிடத் தைரியம் கொடுங்கள்.

நடுவர் ஐயா, தட்டையும் ஈயையும் ஒதுக்கி வையுங்கள். நான் அன்றைக்கு அம்மாவிடம் சொல்லாததை, என் மகள் என்னிடம் வந்து சொல்கிற மாதிரி ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.