சீத்தாவுல பூ கொட்டுது, காய் நிக்கலைங்களா?

வாழப்பாடி பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காருங்க: "நாலு வருஷ சீத்தா. பூ நிறைய வருது, பிஞ்சு கட்டாமலே கொட்டிடுது. என்ன உரம் போடலாம்?"

அண்ணா, உரத்தை அப்புறம் பாத்துக்கலாம். பிஞ்சு கட்டி உதிர்ந்தா தண்ணிப் பிரச்சனையான்னு பாக்கணும். பூவாவே கொட்டுதுன்னா பெரும்பாலும் மகரந்தம் சேரலைங்க.

சீத்தாப் பூவுல ஆணும் பெண்ணும் ஒரே பூவுலதான் இருக்கு, ஆனா ஒரே நேரத்துல தயாராகாது. பெண் பாகம் முந்திக்கும். அப்ப மூணு இதழும் நுனியில லேசாத்தான் விலகியிருக்கும், உள்ள நடுக்கூம்பு ஈரமா மினுங்கும். அது காஞ்ச பிறகுதான் இதழ் நல்லா விரிஞ்சு மகரந்தம் வரும். அந்த இடுக்குல தேனீ நுழையாது. மிளகுல பாதி இருக்கற வண்டுதான் வேலை செய்யுது. பூக்கற நேரத்துல பூச்சிமருந்து அடிச்சா அதுவும் போச்சு.

அதனால கையால சேர்த்து விடுங்க. சாயங்காலம் இதழ் நல்லா விரிஞ்ச பூக்களைப் பறிச்சு, காகிதம் விரிச்ச தட்டுல பரப்பி, வீட்டுக்குள்ள வைங்க. பாலித்தீன் பையில கட்டி வச்சா வேர்த்து, மகரந்தம் கட்டியாயிடும். விடிகாலைல தட்டுனா தூள் உதிரும், அதைச் சின்ன டப்பாவுல சேருங்க. அன்னிக்கே தீர்த்துடணும், மறுநாளைக்கு உதவாது.

காலைல 6 மணியிலிருந்து எட்டரைக்குள்ள முடிச்சுடுங்க. நம்ம சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அதுக்கு மேல கூம்பு காஞ்சிடும். படம் வரையற மெல்லிசு பிரஷ், 2 இல்ல 3 நம்பர் போதும். தூளைத் தொட்டுக்கிட்டு, லேசா விலகின பூவோட ஒரு இதழை விரலால மெல்ல ஒதுக்கி, கூம்பைச் சுத்தி ரெண்டு மூணு சுத்து தடவுங்க. இந்தச் சுத்துதான் முக்கியம். கூம்புல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் பழத்துல ஒரு கண்ணு. ஒரு பக்கம் மட்டும் பட்டா அந்தப் பக்கம்தான் வளரும், பழம் கோணிக்கும், வியாபாரி கழிச்சுடுவாரு.

கிளை நுனிப் பூவை விட்டுடுங்க, காய் கனத்துக்கு வளைஞ்சு ஒடியும். உள்பக்கம் தடிமனான கிளையில இருக்கறதைப் பாத்துத் தடவுங்க.

அழுகின பழத்தைப் போட்டு வண்டை வரவழைக்கலாமான்னும் சிலர் கேக்கறாங்க. வண்டு வரும், கூடவே பழ ஈயும் பெருகும். நான் சொல்ல மாட்டேன்.

முதல்ல ஒரே மரத்துல 20 பூவுக்குத் தடவி நூல் கட்டுங்க, இன்னொரு 20 பூவை நூல் மட்டும் கட்டி விடுங்க. ரெண்டு வாரத்துல எதுல எத்தனை பச்சைப் பிஞ்சு நிக்குதுன்னு எண்ணிப் பாத்துட்டு மத்த மரத்துக்குப் போங்க.