மானியம் வாங்குபவருக்கு, அட்வான்ஸ் வாடகைக்காரருக்கு

அனைவருக்கும் வணக்கம். அரசின் மலிவு விலை வீட்டுத் திட்டங்களால் வீடு வாங்குபவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் நிஜமாகவே பயன் உண்டா என்பது இன்றைய கேள்வி. நேராகக் கணக்குக்கே போய்விடலாம்.

பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பகுதி, 2.0 என்ற பெயரில் 2024 செப்டம்பரில் தொடங்கியது. அதில் வட்டி மானியம் ஒரு பிரிவு. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் நிரந்தர வீடு இருக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால், கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய்.

பழைய திட்டத்தில் 2.67 லட்சம் வரை ஒரே தடவையில் கடன் கணக்கில் வரவு வைத்தார்கள். அசல் குறைந்தது, மாதத் தவணையும் இறங்கியது. இப்போது ஆண்டுக்கு 36,000 வீதம் ஐந்து தவணை. ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். நகையை விற்று, பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அவசரமாக அடைத்தவருக்கு மீதித் தவணை கிடையாது. சிக்கனமாக இருந்ததற்கு இதுதான் பரிசு!

சரி, சென்னைப் புறநகரில் ஒருவர் 30 லட்சத்துக்குப் புது ஃப்ளாட் வாங்குகிறார் என்று வையுங்கள். 50 லட்சம் வரையுள்ள புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு 6 சதவீதம் எவ்வளவு? அதே 1.80 லட்சம். டெல்லி ஐந்து வருடம் தவணை தவணையாகக் கொடுப்பதைச் சார்பதிவாளர் அலுவலகம் ஒரே காலையில் வாங்கிக்கொள்கிறது. மறுவிற்பனை ஃப்ளாட் என்றால் 9 சதவீதம். கையிலிருந்து இன்னும் 90,000 போகும்.

ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது மாதம் 25,000 சம்பாதிப்பவரைப் பாருங்கள். சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தவணைக்கு ஒதுக்கினாலும் 10,000 ரூபாய்தான். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு அது தாங்கும் கடன் பதினொன்றரை லட்சம். அந்த விலைக்குச் சென்னையில் எந்தத் தனியார் ஃப்ளாட் கிடைக்கும்? ஆகவே இந்த மானியம் எப்படியும் வீடு வாங்கியிருக்கக் கூடியவருக்குத்தான் பெரும்பாலும் போகிறது என்பது என் கருத்து.

சொந்த மனையில் தானே வீடு கட்டுபவருக்கான பிரிவு அதைவிட மேல். மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து 2.5 லட்சம். குறைந்தபட்சம் 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடி கட்ட வேண்டும். சதுர அடிக்கு 2,000 என்று குறைத்தே போட்டாலும் ஆறரை லட்சம் ஆகும். மீதி 4 லட்சத்துக்கு எங்கே போவது? பணமும் கட்டிய அளவுக்குத்தான், படியளந்து வருகிறது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு நிலையிலும் இடக்குறியீட்டோடு போட்டோ ஏறினால்தான் அடுத்தது. கையில் காசில்லாதவர் அஸ்திவாரத்தையே வட்டிக்கு வாங்கிப் போடுகிறார். லிண்டல் மட்டத்தில் கம்பி துருப்பிடித்து நிற்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடைவெளிதான். பட்டா தாத்தா பெயரில் இருந்தால் அஸ்திவாரம் வரைகூடப் போக முடியாது. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, உட்பிரிவு, பெயர் மாற்றம் எல்லாம் முடித்துவிட்டு மனு கொடுங்கள். மனு கொடுத்துவிட்டு அலையாதீர்கள்.

சென்னை நகருக்குள் இருந்த குடிசைவாசிகளை அரசு கொண்டுபோய்க் குடியமர்த்திய தென்புறநகர்க் குடியிருப்புகளான கண்ணகி நகர், பெரும்பாக்கம் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வீடு கிடைத்தது, பக்கத்தில் வேலை கிடைக்கவில்லை. வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு மயிலாப்பூரும் பெரும்பாக்கமும் ஒன்றல்ல.

இனி வாடகைக்காரர். 2020-இல் மலிவு வாடகை வளாகத் திட்டம் வந்தது. காலியாகக் கிடக்கும் அரசு வீடுகளைப் புலம்பெயர்ந்த தொழிலாளருக்கு வாடகைக்கு விடுவது அதில் ஒரு வழி. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட், 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் வேலை தேடி வந்தவருக்கு. இரண்டு பிள்ளைகளோடு ஒற்றைப் படுக்கையறை வீடு தேடும் குடும்பத்துக்கு மானியமும் இல்லை, விடுதியும் இல்லை.

அவர்களுக்கு உள்ளது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒன்றுதான். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. ஆனாலும் வாடகை 12,000 என்றால் 1.20 லட்சம், பத்து மாத அட்வான்ஸ், இன்றும் கேட்கிறார்கள். எப்படி முடிகிறது? இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அது செல்லும் என்று அதே பிரிவு வழி விட்டிருக்கிறது. வீடு வேண்டியவர் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? அந்த விதிவிலக்கை நீக்கினால் மேலே சொன்ன குடும்பத்தின் கையில் 84,000 ரூபாய் மிஞ்சும். அரசுக்குச் செலவு ஒரு பைசா இல்லை. அதுவரை, பதினோரு மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸ் தொகையையும், காலி செய்யும்போது என்னென்ன பிடித்தம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.