தனக்குக் கட்டினதை ஊருக்கே வாடகைக்கு விட்ட கடை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஆன்லைன்ல சாமான் விக்கிற கம்பெனி ஒண்ணு எப்படி சினிமா, மருந்து, மளிகைன்னு எல்லாத்துலயும் கால் வைக்குதுன்னு பேசச் சொல்லிருக்காங்க. அமேசானையே எடுத்துக்குவோம், அத விட தெளிவான கதை கிடையாது.

ஜெஃப் பெசோஸ் 1994ல அமெரிக்காவுல பெல்வியூங்கற ஊர்ல ஒரு வீட்டு கராஜ்ல ஆரம்பிச்சாரு, அடுத்த வருஷம் ஜூலைல வெப்சைட் திறந்தாங்க, வித்தது புத்தகம் மட்டும்தான். ஏன் புத்தகம்னா அது கெட்டுப்போகாது, போட்டுப் பாத்து வாங்க வேண்டியதில்ல, எங்க வாங்கினாலும் அதே புத்தகம்தான், அதுவும் லட்சக்கணக்குல இருக்கு, எந்தக் கடை அலமாரியிலயும் அடுக்கி மாளாது. அப்போ ராத்திரில எல்லாரும் சிமெண்ட் தரையில முட்டி போட்டுதான் பார்சல் கட்டுவாங்களாம். வலி தாங்காம, முட்டிக்கு பேட் வாங்கணும்னு பெசோஸ் சொல்ல, பக்கத்துல இருந்தவரு, மேஜை வாங்கினா போதுமேன்னாராம். அத அவரே பல தடவ சொல்லிருக்காரு.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். தனக்குன்னு செலவு பண்ணி கட்டின ஒவ்வொண்ணையும் வெளியாளுக்கு வாடகைக்கு விட ஆரம்பிச்சாங்க. வெப்சைட் இருக்கா, 2000ல மத்த வியாபாரிங்களையும் அதுலயே விக்க விட்டு கமிஷன் வாங்கினாங்க. குடோன் இருக்கா, 2006ல அந்த வியாபாரிங்க சரக்கையும் வச்சு, பேக் பண்ணி அனுப்பிக் குடுத்து அதுக்கும் காசு. கம்ப்யூட்டர் வேலைல கைப்பழக்கம் வந்துருச்சா, அதே வருஷம் சர்வரையும், அதாவது வெப்சைட்ட ஓட்டற பெரிய கம்ப்யூட்டரையும், மணிக்கணக்குல வாடகைக்கு விட்டாங்க, அதுதான் ஏடபிள்யூஎஸ், அமேசான் வெப் சர்வீசஸ். 2023 கணக்கு பாருங்க, மொத்த வருமானத்துல ஏடபிள்யூஎஸ் ஆறுல ஒரு பங்குதான், ஆனா செயல்பாட்டு லாபத்துல, அதாவது வட்டி, வரி கழிக்கறதுக்கு முன்னாடி தொழில்ல வர லாபத்துல, மூணுல ரெண்டு பங்கு அங்கேருந்துதான் வந்துச்சு. கடைன்னு நாம நினைக்கிறது ஒண்ணு, சம்பாதிச்சுக் குடுக்கறது வேற ஒண்ணு.

2005ல பிரைம்னு ஒரு சந்தா கொண்டாந்தாங்க, அப்போ வருஷத்துக்கு 79 டாலர், அத கட்டிட்டா பார்சலுக்குத் தனியா அனுப்புற செலவு கிடையாது. மொத்தமா கட்டிட்டோம்னா, கட்டின காசு வீணாப் போகக்கூடாதுன்னு நம்ம கை தானா அங்கயே போகும். சினிமா எடுக்கறது கூட நாம அந்த சந்தாவ விடாம இருக்கத்தான், 2022ல 850 கோடி டாலர் குடுத்து எம்ஜிஎம் ஸ்டூடியோவ வாங்குனாங்க. அதுக்கு முன்னாடி 2017ல 1,370 கோடி டாலருக்கு ஹோல் ஃபுட்ஸ் மளிகைக் கடைங்க. எல்லாமே ஜெயிச்சுதுன்னு இல்ல, 2014ல அவங்க விட்ட ஃபயர் போன்ங்கற ஸ்மார்ட்போன அடுத்த வருஷமே நிறுத்தியாச்சு.

எனக்கு மனசுல உறுத்தறது அந்த சின்ன வியாபாரிங்கதான். அங்க விக்கிற சாமான்ல பாதிக்கு மேல அவங்களோடது, எது நல்லா ஓடுதுன்னு கடைக்காரரான அமேசானுக்கு அந்த வியாபாரிங்க கணக்குலயே தெரியும், அந்தக் கடைக்காரரே சொந்த பிராண்டும் விக்கிறாரு. இது நியாயமான்னு கேட்டா, இல்லன்னுதான் நான் சொல்லுவேன். ஐரோப்பிய ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இத விசாரிச்சுது, வெளிய தெரியாத அந்த வியாபாரிங்க கணக்க சொந்த விற்பனைக்கு பயன்படுத்த மாட்டோம்னு அமேசான் 2022 டிசம்பர்ல உறுதி குடுத்துச்சு. அமெரிக்காவுல 2023 செப்டம்பர்ல வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்குற மத்திய வர்த்தக ஆணையமும் 17 மாநிலங்களும் சேர்ந்து அமேசான் மேல கேஸ் போட்டாங்க, வியாபாரிங்க கிட்ட வாங்கற கட்டணமும் அதுல ஒரு முக்கியமான புகார். கேட்டுட்டு இருந்ததுக்கு நன்றி, வணக்கம்.