நைட் ட்யூட்டியில் தவறு எங்கே நுழைகிறது?

[காட்சி: வார்டு. காலை 6 மணி. இன்சுலின் குப்பி, குளோசப்பில்]

சாப்பாட்டுக்கு முன் 10 யூனிட் இன்சுலின் போட வேண்டும். ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள குப்பி. அப்படியானால் 0.1 மில்லி. யூனிட் கணக்கில் கோடு போட்ட இன்சுலின் சிரிஞ்ச் கிடைக்கவில்லை. சாதாரண சிரிஞ்சை எடுக்கிறார் நர்ஸ். அந்த நேரம் பார்த்து போன். பேசிவிட்டு வந்து 1 மில்லி இழுத்தால் உள்ளே போவது 100 யூனிட். பத்து மடங்கு! சர்க்கரை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.

தவறைப் பதிவு செய்யும் படிவத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை.

[காட்சி: கடிகாரம் பின்னோக்கிச் சுழல்கிறது]

முந்தின நாள் மதியம் 1 மணிக்கு எழுந்தவருக்கு இப்போது 17 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரைப் போலக் கண்ணும் கையும் தடுமாறும் என்று 1997-இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இதோடு வேலைப் பளுவின் பதற்றமும் சேர்ந்தால், போட்ட கணக்கைச் சில நொடிகள் மனதில் பிடித்துவைப்பதே கஷ்டம். ஒரு குறுக்கீடு போதும், அழிந்துவிடும். சிட்னியில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறு சுமார் 12 சதவீதம் கூடியது.

[காட்சி: மருந்து டிராலி]

மருந்து கொடுக்கும் நேரத்தில் வார்டு போன் இன்னொருவர் கையில் இருக்கட்டும். இடையில் கூப்பிட்டுவிட்டார்களா? லேபிள் ஒட்டாத சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, மருந்துச் சீட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

சரிபார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "10 யூனிட், சரிதானே?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். விடையைச் சொல்லாமல் சீட்டையும் குப்பியையும் நீட்டுங்கள். இரண்டாமவர் தானே கணக்குப் போட்ட பிறகு சிரிஞ்சைப் பார்க்கட்டும்.

'தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதிய மேலங்கியும் உண்டு. குறுக்கீடு குறையும்; ஆனால் புழுக்கம் தாங்காமல் நர்ஸ்களே கழற்றிப் போட நினைப்பார்கள்.

[காட்சி: ட்யூட்டி பட்டியல்]

ஆள் பற்றாக்குறையை இவை எதுவும் ஈடுகட்டாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடந்த 2002 ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்ந்தன.

ஆகவே படிவத்தில் மூன்று கட்டங்களைச் சேருங்கள்: எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார், கையில் எத்தனை நோயாளிகள், மருந்து எடுக்கும்போது யார் எதற்காகக் கூப்பிட்டார்கள்.