டெஹ்ரான் மறக்காத ஆகஸ்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

"அமெரிக்கா ஒழிக" என்று டெஹ்ரான் தெருக்களில் எழும் முழக்கத்தைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். மதவெறி என்று ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் அங்கே காலங்காலமாக இருந்ததல்ல. ஈரானின் தப்ரீஸ் நகரில் ஹாவர்ட் பாஸ்கர்வில் என்ற அமெரிக்கரின் கல்லறை இருக்கிறது. மிஷன் பள்ளி ஆசிரியர். 1909இல் மன்னரின் படை முற்றுகையிட்டு ஊரே பட்டினி கிடந்தபோது, மாணவர்களைத் திரட்டிக்கொண்டு முற்றுகையை உடைக்கப் போனார், சுடப்பட்டு இறந்தார். வயது 24. அன்றைக்கு ஈரானியர் அஞ்சியதெல்லாம் பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும்தான்.

பிறகு எண்ணெய் வந்தது. அபாதானில் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலையை நடத்தியது பிரிட்டன் வசமிருந்த ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய் நிறுவனம். ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிட அது பிரிட்டன் அரசுக்குக் கட்டிய வரியே அதிகம். 1951இல் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. முகமது மொசாதெக் பிரதமரானார். பிரிட்டன் தன் தொழில்நுட்ப ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஈரான் எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்தது. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கும் போனது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1952 ஜூலையில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்டோபரில் ஈரான் பிரிட்டனுடன் தூதரக உறவைத் துண்டித்ததும், உள்ளிருந்து ஆட்சியைக் கவிழ்க்கும் வேலை அமெரிக்கர் கைக்குப் போனது.

அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அதைச் செய்த விதத்தைக் கவனியுங்கள். பத்திரிகைகளுக்குப் பணம், மொசாதெக் கம்யூனிஸ்டுகளின் கைப்பாவை என்று அவற்றில் கட்டுரைகள். ராணுவ அதிகாரிகளோடு ரகசியப் பேச்சு. தயங்கிய மன்னர் முகமது ரேசா பஹ்லவியை வற்புறுத்தி, மொசாதெக்கின் பதவிநீக்க ஆணையில் கையெழுத்து. 1953 ஆகஸ்ட் 15 நள்ளிரவில் கர்னல் நசீரி அந்த ஆணையோடு பிரதமர் வீட்டுக்குப் போனார். மொசாதெக்குக்கு முன்பே துப்புக் கிடைத்திருந்ததால் வந்தவரே கைதானார். மன்னர் பாக்தாதுக்கும் அங்கிருந்து ரோமுக்கும் ஓடிவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. டெஹ்ரானில் இருந்த சிஐஏ அதிகாரி கெர்மிட் ரூஸ்வெல்ட் விடவில்லை. ஆணையின் நகல்கள் ஊரெங்கும் பரப்பப்பட்டன. கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒரு கும்பல் கம்யூனிஸ்டுகளின் பெயரில் கலவரம் செய்தது. பயந்துபோன மக்கள் ஒதுங்கினார்கள். 19ஆம் தேதி மன்னரின் பெயரைச் சொல்லி வேறொரு கூட்டம் கிளம்ப, டாங்கிகளும் சேர்ந்துகொண்டன. வானொலி நிலையம் வீழ்ந்தது. பிரதமரின் வீட்டைக் குண்டுகள் துளைத்தன. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள்.

மொசாதெக்கின் பழைய கூட்டாளிகள் சிலரே அவரைக் கைவிட்டிருந்தார்கள் என்பதும் உண்மை. வெளியாரின் பணம் அந்த விரிசலுக்குள்தான் புகுந்தது.

அடுத்த ஆண்டே ஈரான் எண்ணெயில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு. 1957இல் சாவாக் என்ற ரகசியப் போலீஸ், அமெரிக்க உதவியோடு. 1964இல், ஈரானில் குற்றம் செய்யும் அமெரிக்கப் படையினரை ஈரான் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று ஒரு சட்டம். இதை எதிர்த்துப் பேசியதற்காகத்தான் மதகுரு கொமேனி நாடு கடத்தப்பட்டார். ஜனநாயகம் கேட்ட மொசாதெக்கைச் சிறையில் போட்ட பிறகு, மக்களின் மானத்தைப் பற்றிப் பேச மதகுருதான் மிஞ்சினார். என் பார்வையில் வாஷிங்டன் செய்த பெருந்தவறு இதுவே.

1979 அக்டோபரில், புரட்சியில் பதவியிழந்த மன்னருக்குச் சிகிச்சைக்காக அமெரிக்கா கதவு திறந்தது. ஓடிப்போன மன்னரை ஒருமுறை திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தவர்கள் ஆயிற்றே என்று டெஹ்ரான் நினைத்தது. நவம்பர் 4 அன்று மாணவர்கள் அமெரிக்கத் தூதரகச் சுவரேறிக் குதித்தார்கள். 52 பேரை 444 நாள் பிணையாக வைத்தது கொடுமை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த 444 நாளும் தொலைக்காட்சி முன் அமர்ந்து, "நம்மை ஏன் இப்படி வெறுக்கிறார்கள்" என்று கேட்ட அமெரிக்க மக்களுக்கு 1953 பற்றி அவர்களின் அரசு வாய் திறக்கவில்லை. அந்தக் கவிழ்ப்பு தன் வேலைதான் என்று ஒப்புக்கொள்ளும் சிஐஏ ஆவணம் வெளியானது 2013 ஆகஸ்டில். அதற்குள் 60 ஆண்டுகள் போய்விட்டன.