பாறையில் முளைத்த பச்சை முடி

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தொட்டி வைத்த மூன்றாம், நான்காம் மாதம் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "பாறை முழுக்கப் பச்சையாக முடி முளைத்துவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம்?"

மருந்து ஊற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த முடிப்பாசியை வளர்ப்பது நாம் போடும் தீனி. இறாலோ தீனி உருண்டையோ, மீன் வயிற்றுக்குள் போய்க் கழிவாகி, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேர்கிறது. பாசி அதை எடுத்துக்கொண்டு கொழுக்கிறது. மருந்தில் செத்த பாசி அழுகும்போது, எடுத்ததையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும், ஆக்சிஜனும் குறையும். அப்புறம் அதே இடத்தில் மறுபடி முளைக்கும்.

"டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பூஜ்யம் என்றுதானே காட்டுகிறது?" என்று கேட்பார்கள். தண்ணீரில் மிஞ்சியதைத்தான் கிட் அளக்கும். பாசி முந்திக்கொண்டு எடுத்தது அதில் தெரியாது. பாறையும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருந்து, மாதக்கணக்கில் மெல்லக் கசியவிடும்.

அதனால் பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எடுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் சைஃபன் குழாயின் வாயைப் பாறையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் முடியின் அடியைப் பற்றித் திருகி இழுங்கள். கையோடு வருவது பாசி மட்டுமல்ல. அதற்குள் சிக்கிய பழுப்புத் தூசியும் புகைபோலக் கிளம்பும். அத்தனையும் மீன் கழிவும் தீனித் துணுக்கும்தான். குழாய் அதை உறிஞ்சிக்கொண்டு போகட்டும். மிச்சத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள்.

ஆவியான தண்ணீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரில் கரைந்து வந்ததெல்லாம் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரமினும் உண்டு. சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

புதுத் தொட்டியில் படியும் பழுப்புத் தூளுக்குக் கவலை வேண்டாம், சில வாரங்களில் தானே போய்விடும். சிவப்பாகக் குழகுழவென்று மூடுவது பாசியே அல்ல, ஒருவகை பாக்டீரியா.

மேய்வதற்கு ஆள் வேண்டும், இது முக்கியம். கரீபியன் கடலில் 1983-இல் ஒரு நோய் பரவி, நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் பெரும்பாலும் அழிந்துபோயின. பாறைகளில் பாசியை மேய்ந்து வந்தவை அவைதாம். ஜமைக்காவில் மேயும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள், புயலும் அடித்திருந்தது. 1970-களின் கடைசியில் பாறைகளில் பாதிக்கு மேல் இருந்த உயிர்ப் பவளம், 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. பாசியோ 4-இலிருந்து 92 சதவீதத்துக்கு ஏறியது. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால், நம் 200 லிட்டர் தொட்டியை நினைத்துப் பாருங்கள். டர்போ நத்தை, ட்ரோக்கஸ் நத்தை, ஒரு சின்ன முள்ளெலி, இவை போதும். டர்போ நத்தை மல்லாந்து விழுந்தால் பல நேரம் திரும்ப முடியாமல் செத்துவிடும், தினமும் ஒரு பார்வை பார்த்து நிமிர்த்தி வையுங்கள். டேங் மீன் நன்றாகத்தான் மேயும், ஆனால் சின்னத் தொட்டியில் அடைத்து வைப்பது அதற்குக் கொடுமை.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாசி மேலிருந்த கோபத்தில், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையை அளவுக்கு மீறிப் போட்டேன். பாசி போனது. பவளங்களும் வெளுக்கத் தொடங்கின. அடுத்த வாரமே பழுப்பு நிறத்தில், நூல்நூலாக, குமிழி கோத்த சளி மணலெங்கும் படர்ந்தது. டைனோ என்பார்கள், ஒருவகை நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொட்டால் தலைதூக்குவது அதுதான்; அதில் சில வகைக்கு நஞ்சும் உண்டு. ஆறு நத்தைகள் செத்தன. பவளத்துக்கும் கொஞ்சம் உணவு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 மில்லிகிராமை ஒட்டி, அந்த அளவிலேயே வைத்திருக்கிறேன்.

அதே தண்ணீர் சுற்றிவரும் கீழ்த்தொட்டியில் கீட்டோ என்ற பாசியை நானே வளர்க்கிறேன். மேலே விளக்கு அணைந்ததும் அதற்கு விளக்கு எரியும். பாறைப் பாசிக்குப் போக வேண்டியதை அது எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை காலையில் அதில் பாதியைப் பிய்த்து, பிழிந்து, வெளியே போட்டுவிடுவேன். மேல்தொட்டியின் இடது ஓரப் பாறையில் மட்டும் ஒரு கொத்துப் பச்சை இன்னமும் இருக்கிறது. அது நத்தைகளுக்காக விட்டு வைத்தது.